ரெக்யூப்பரேட்டர் வாங்குவதற்கு முன்: 130 லிட்டர் எண்ணெய் எங்கே போகிறது?

கோவைக்கு அருகே, எஃகைக் காய்ச்சி அடித்து வடிவமைக்கும் சிறிய ஃபோர்ஜிங் பட்டறை நடத்தும் நீங்கள் கேட்டிருப்பது இது. ஃபர்னஸ் ஆயில் என்னும் கெட்டியான எரியெண்ணெயில் எரியும் பெட்டி உலை ஒன்று இருக்கிறது. ஒரே ஷிஃப்டில் பத்து மணி நேரம் ஓடி, நாளுக்கு இரண்டரை டன் எஃகு காய்ச்சுகிறது. டன்னுக்கு 130 லிட்டர் எண்ணெய் ஆகிறது. ரெக்யூப்பரேட்டர் விற்க வந்தவர் 30 சதவீதம் மிச்சமாகும் என்கிறார். வாங்கலாமா? அதே வளாகத்தில், பொருள்மேல் தூவிய வண்ணத் தூளைச் சூட்டில் படியவைக்கும் பவுடர் கோட்டிங் ஓவனிலும் எல்.பி.ஜி. செலவு ஏறிக்கொண்டே போகிறது. அதற்கும் வழி உண்டா?

அறியாதவர்களுக்காக ஒரு வரி: புகைபோக்கியில் வீணாகும் வெப்பத்தைக் கொண்டு பர்னருக்குப் போகும் காற்றைச் சூடாக்கித் தரும் கருவிதான் ரெக்யூப்பரேட்டர். நல்ல கருவி, ஏமாற்று வேலை இல்லை. ஆனால் உங்கள் கேள்விக்குள் இன்னொரு கேள்வி இருக்கிறது. ஊற்றுகிற 130 லிட்டரும் எங்கே போகிறது என்பதுதான் அது. அதற்கு விடை தெரியாமல் கருவி வாங்குவது, காய்ச்சல் எதனால் என்று பாராமல் மருந்து வாங்குவதைப் போன்றது. 26 ஆண்டுகளாக உலைகளோடு பழகி வருகிறேன். முதல் ஒன்பது ஆண்டுகள் ஒரு வெப்பப் பதனிடும் பட்டறையில் ஷிஃப்ட் பொறுப்பு, அதற்குப் பிறகு எரிசக்தித் தணிக்கை. உங்கள் உலையை நான் கண்ணால் பார்க்கவில்லை. ஆகவே கீழே வரும் கணக்கில் சில எண்கள் உங்களுடையவை, சில அனுபவத்திலிருந்து நான் வைத்துக்கொண்டவை. எது எது என்பதைச் சொல்லிக்கொண்டே போகிறேன்.

எஃகிலிருந்து தொடங்குவோம். ஒரு கிலோ எஃகை 1,200 டிகிரி செல்சியஸுக்குக் கொண்டுபோக ஏறத்தாழ 190 கிலோ கலோரி வேண்டும். டன்னுக்கு 1.9 லட்சம். ஒரு லிட்டர் ஃபர்னஸ் ஆயில் சுமார் 0.95 கிலோ எடை. அது எரிந்தால் பயன்படுத்தத்தக்க வெப்பமாகச் சுமார் 9,200 கிலோ கலோரி கிடைக்கும். வகுத்துப் பாருங்கள்: டன்னுக்கு 21 லிட்டர். எஃகு கேட்பது இவ்வளவுதான். நீங்கள் கொடுப்பது 130. அதாவது உலையின் செயல்திறன் 16 சதவீதம். மனம் தளர வேண்டாம். ஒரே ஷிஃப்டில் ஓடும் பெட்டி உலைகளில் இதைவிட மோசமானவற்றையும் பார்த்திருக்கிறேன்.

மீதி 109 லிட்டரில் பெரும்பங்கு புகையோடு போகிறது. ஒரு கிலோ எண்ணெய் முழுமையாக எரிய 14 கிலோ காற்று போதும் என்பது வேதியியல் கணக்கு. நடைமுறையில் எண்ணெயும் காற்றும் அவ்வளவு நேர்த்தியாகக் கலப்பதில்லை. எனவே கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தே ஆக வேண்டும். எவ்வளவு கூடுதல் என்பதைப் புகையில் மிஞ்சியிருக்கும் ஆக்சிஜன் காட்டிக்கொடுத்துவிடும். 3 சதவீத ஆக்சிஜன் என்றால் காற்று 15 சதவீதம் போலக் கூடுதல். 7 சதவீதம் என்றால் 50 சதவீதம் கூடுதல். அந்த உபரிக் காற்று எரிவதற்கு உதவாமல் உலைக்குள் வந்து, 1,100 டிகிரிக்குச் சூடாகி, அப்படியே வெளியே போய்விடும். புகை 1,100 டிகிரியில் உலையை விட்டு வெளியேறுவதாக வைத்துக்கொண்டு கணக்கிட்டால், ஆக்சிஜன் 3 சதவீதமாக இருக்கும்போது ஒரு ரூபாய் எண்ணெயில் 54 காசு புகையோடு போகும், 46 காசு உலைக்குள் தங்கும். ஆக்சிஜன் 7 சதவீதமானால் 68 காசு போய், 32 காசுதான் தங்கும்.

உங்கள் உலையில் ஆக்சிஜன் எவ்வளவு என்று நீங்கள் எழுதவில்லை. பெரும்பாலும் அளந்திருக்க மாட்டீர்கள். கவனிக்கப்படாத பெட்டி உலைகளில் 7 முதல் 10 வரை சாதாரணமாகப் பார்க்கிறேன். ஆகவே 7 என்று வைத்துக்கொள்கிறேன். அப்படியானால் 130 லிட்டரில் 88 லிட்டர் புகையோடு போகிறது, 21 எஃகுக்குள் போகிறது, மீதி 21 சுவர், கதவு, திறப்புகள், இரவில் ஆறும் செங்கல் ஆகியவற்றுக்குப் போகிறது. எஃகு தின்பதும் இந்தச் சில்லறை இழப்புகள் தின்பதும் ஒரே அளவு!

இந்த இடத்தில் ஒரு நுட்பம் இருக்கிறது. பலரும் தவறவிடுவது இதைத்தான். உலைக்குள் தங்குவது ரூபாய்க்கு 32 காசு என்றால், சுவர் வழியாக 1 லிட்டர் வெப்பம் போவதை ஈடுகட்ட நீங்கள் டேங்கிலிருந்து எடுப்பது 1 லிட்டர் அல்ல, 3 லிட்டர். மற்ற இரண்டும் அந்த ஒன்றுக்குத் துணையாகப் புகைபோக்கி வழியே போகின்றன. ஆகவே ‘கதவிடுக்கில் என்ன பெரிதாகப் போய்விடும்’ என்று விட்டுவிடாதீர்கள். இடுக்கில் போகும் ஒவ்வொரு பங்குக்கும் மூன்று பங்கு விலை கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

இனி விற்பனையாளரின் 30 சதவீதத்துக்கு வருவோம். உங்கள் உலையை இப்போது இருப்பது போலவே விட்டுவிட்டு, காற்றை 300 டிகிரிக்குச் சூடாக்கிக் கொடுத்தால், உள்ளே தங்கும் 32 காசு 46 காசாக உயரும். எண்ணெய் 130 லிட்டரிலிருந்து 91 லிட்டராகக் குறையும். சரியாக 30 சதவீதம். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அதே 46 காசை எங்கே பார்த்தோம்? ஆக்சிஜனை 7 சதவீதத்திலிருந்து 3 சதவீதத்துக்குக் கொண்டுவந்தாலும் கிடைப்பது அதே 46 காசுதான். அதாவது காற்று வால்வையும், புகைபோக்கியின் இழுவையைக் கட்டுப்படுத்தும் தகடான டாம்பரையும், பர்னரையும் சீர்செய்தால் கிடைக்கும் அதே ஆதாயத்தைத்தான் அவர் லட்சக்கணக்கில் விலை சொல்லி விற்கிறார். காற்றைச் சீர்செய்த பிறகு ரெக்யூப்பரேட்டர் போட்டால் 46 காசு 57 காசாகும். எண்ணெய் 91 லிட்டரிலிருந்து 74 லிட்டருக்கு இறங்கும். அது 19 சதவீதம், அதுவும் ஏற்கெனவே சுருங்கிவிட்ட செலவில் 19 சதவீதம். இன்றைய கணக்கில் டன்னுக்கு 39 லிட்டர் மிச்சம் என்று கடன் வாங்கிக் கருவி போட்டு, பிறகு காற்றையும் சீர்செய்தால், கருவியின் உண்மையான பங்கு 17 லிட்டர்தான் என்று தெரியவரும். முதலீடு திரும்பும் காலம் இரு மடங்குக்கு மேல் நீண்டுவிடும்.

இவை காகிதக் கணக்குகள். எண்ணெயில் எரியும் பெட்டி உலையில், கதவைத் திறந்து மூடிக்கொண்டே வேலை செய்யும் இடத்தில், ஆக்சிஜனை நாள் முழுக்க 3 சதவீதத்தில் நிறுத்துவது கடினம். 4 முதல் 5 வரை வைத்திருந்தாலே நல்ல வேலை என்பேன். அப்போது 91க்குப் பதிலாக 95 முதல் 105 லிட்டருக்குள் எங்கோ நிற்பீர்கள். எந்த வேலைக்கு முதலில் கை வைப்பது என்ற வரிசை மட்டும் இதனால் மாறாது.

காற்று ஏன் கூடிப்போகிறது என்பதைப் பார்க்காமல் வால்வை மட்டும் திருகினால் ஒரு வாரத்தில் பழைய நிலைக்கே திரும்பிவிடும். ஒரு பட்டறையில் நான் கண்டதைச் சொல்கிறேன். ஆக்சிஜன் 9 சதவீதம். உரிமையாளர் உலை ஆளைத் திட்டிக்கொண்டிருந்தார், ‘எத்தனை முறை சொன்னாலும் காற்றை முழுக்கத் திறந்துவிடுகிறான்’ என்று. அந்த ஆள் பதினைந்து ஆண்டு அனுபவக்காரர். தனியாக அழைத்துக் கேட்டேன். ‘குறைத்தால் கரும்புகை வருகிறது, சார், கண் எரிகிறது, பக்கத்துப் பட்டறைக்காரர் சண்டைக்கு வருகிறார்’ என்றார். எண்ணெயைச் சூடாக்கும் ஹீட்டரில் இரண்டு எலிமெண்ட் எரிந்துபோய் மாதக்கணக்காகிவிட்டது. ஃபர்னஸ் ஆயில் பர்னர் முனைக்கு வரும்போது 100 முதல் 110 டிகிரியாவது இருந்தால்தான் இளகிப் பொடித் துளியாகச் சிதறும். அங்கே 70 டிகிரிதான் இருந்தது. கெட்டியான எண்ணெய் பெரிய துளிகளாக விழுந்தது, பெரிய துளி முழுதாக எரியவில்லை, புகைந்தது. புகையை அடக்க அவருக்குத் தெரிந்த ஒரே வழி காற்றைக் கூட்டுவது. அவர் செய்தது அந்த நிலையில் சரியான காரியம். எலிமெண்ட்டை மாற்றி, பர்னர் முனையான நாசிலைக் கழற்றிச் சுத்தம் செய்து, ஃபில்டரைப் பார்த்த பிறகு அவரே காற்றைக் குறைத்தார். யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தணிக்கைக்குப் போகும் எந்த இடத்திலும் நான் முதலில் பேசுவது உலை ஆளோடுதான். நீங்களும் உங்கள் ஆளிடம் கேளுங்கள், குறை சொல்லும் தொனியில் அல்லாமல்.

செய்முறை இப்படி. கையில் எடுத்துச் செல்லும் புகை ஆய்வுக் கருவியை வாடகைக்கு எடுக்கலாம், அல்லது தணிக்கையாளர் ஒருவரை ஒரு நாள் வரவழைக்கலாம். குழலை உலையிலிருந்து புகை வெளியேறும் வாயிலேயே நுழைத்து அளக்க வேண்டும். புகைபோக்கியில் மேலே போய் அளந்தால் வழியில் விரிசல்களில் புகுந்த காற்றும் சேர்ந்து ஆக்சிஜன் கூடுதலாகக் காட்டும். எண்ணெய்ச் சூடு, நாசில், எண்ணெய் அழுத்தம் ஆகியவற்றைச் சரிசெய்த பிறகே காற்றைச் சிறிது சிறிதாகக் குறையுங்கள். கார்பன் மோனாக்சைடு ஏறத் தொடங்கும் இடமோ, மெல்லிய புகை தெரியும் இடமோ வந்ததும் நிறுத்தி, கொஞ்சம் திரும்பி வாருங்கள். இதில் விளையாட்டு வேண்டாம். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. காற்றோட்டம் குறைந்த கொட்டகையில் அது ஆளைக் கொல்லும். அணைத்த பர்னரை மறுபடி பற்றவைப்பதற்கு முன், காற்று ஊதும் விசிறியான ப்ளோயரை ஓடவிட்டு உலையைக் காற்றால் கழுவும் பழக்கத்தையும், எண்ணெய் மிச்சம் என்ற பெயரில், ஒருபோதும் குறைக்கக் கூடாது.

பர்னர் வழியாக வரும் காற்று ஒரு பங்கு. அழையாமல் வரும் காற்று இன்னொரு பங்கு. புகைபோக்கியின் இழுவை அதிகமாக இருந்தால் உலைக்குள் அழுத்தம் வெளியைவிடக் குறைந்து, கதவிடுக்கு, பார்வைத் துளை, செங்கல் விரிசல் எல்லாம் வாயாகிக் குளிர்ந்த காற்றை உறிஞ்சும். அடித்தள மட்டத்தில் உலையின் அழுத்தம் வெளிக்காற்றைவிட ஒரு நூலளவு கூடுதலாக இருக்க வேண்டும். கணக்கில் சொன்னால் 0.1 மில்லிமீட்டர் நீரளவு போதும். கருவி இல்லாவிட்டால், நீண்ட கம்பியின் முனையில் புகையும் கயிற்றைக் கட்டிக் கதவின் கீழ் இடுக்கருகே காட்டுங்கள். புகை உள்ளே இழுபட்டால் டாம்பரைக் கொஞ்சம் மூடுங்கள். கதவைச் சுற்றிலும் தீ நாக்கு நீட்டினால் மிகையாக மூடிவிட்டீர்கள். உலை ஆட்கள் பலர் டாம்பரையே தொடுவதில்லை. பல இடங்களில் அது துருப்பிடித்து, திறந்த நிலையிலேயே இறுகிப்போயிருக்கும். அதை அசையும் நிலைக்குக் கொண்டுவர ஒரு வெல்டரின் அரை நாள் கூலிதான் ஆகும்.

திறப்பின் வழியே வெப்பம் ஒளியாகவும் பாய்கிறது. 1,200 டிகிரியில் ஒரு சதுர மீட்டர் திறப்பு 267 கிலோவாட் வெப்பத்தை உமிழும். இது இயற்பியல் விதி, சந்தேகத்துக்கு இடமில்லை. ஒரு சதுர அடித் திறப்பு என்றால், சுவர்த் தடிமன் கொஞ்சம் மறைப்பதைக் கழித்தாலும், 17, 18 கிலோவாட் வரும். கதவுக்குக் கீழே ஆறு அங்குல உயரத்தில் இரண்டடி நீள இடுக்கு இருந்தால் அதுவே ஒரு சதுர அடி. பத்து மணி நேரத்தில் அதில் போகும் வெப்பம் சுமார் ஒன்றரை லட்சம் கிலோ கலோரி. முன்பு சொன்ன மூன்று மடங்கு கணக்கில் அது டேங்கிலிருந்து நாளுக்கு 50 லிட்டர். நீண்ட கம்பிகளை நுழைக்க வேண்டியிருப்பதால் கதவை மூட முடியாது என்பார்கள். அப்படியானால் சங்கிலித் திரையோ, வேலைக்கேற்ற அளவில் வெட்டிய தகட்டுக் கதவோ போடுங்கள். ஃபோர்ஜிங் பட்டறைகளில் இதைவிட மலிவாக இவ்வளவு மிச்சம் தரும் வேலையை நான் கண்டதில்லை.

அடுத்து சுவர். ஒரே ஷிஃப்ட் ஓடும் உலையில் சுவர் வழியே கசிவது பாதிப் பிரச்சினைதான். செங்கல்லே குடித்து வைத்துக்கொள்ளும் வெப்பம் மறுபாதி. ஒன்பது அங்குலத் தீச்செங்கல் சுவர் ஒரு சதுர மீட்டருக்கு 460 கிலோ எடை இருக்கும். அது முழுதாக ஊறிச் சூடேறினால் 75,000 கிலோ கலோரி போலச் சேமித்து வைக்கும். இரவில் அதில் ஒரு பகுதி காற்றில் கலந்துவிடும், காலையில் மீண்டும் அதை நிரப்பிய பிறகே எஃகுக்கு வெப்பம் கிடைக்கும். செங்கல்லுக்குப் பதிலாகப் பதிக்கும் பஞ்சு போன்ற செராமிக் ஃபைபர் ஒரு கன மீட்டருக்கு 128 கிலோ எடைதான் என்பதால் குடிக்கும் வெப்பம் மிகக் குறைவு, காலையில் உலை சீக்கிரம் ஏறிவிடும். 24 மணி நேரமும் ஓடும் உலைக்கு இந்த ஆதாயம் பெரிதாக இல்லை. உங்களைப் போன்ற ஒரே ஷிஃப்ட் உலைக்கு இதுவே பெரிது. ஆனால் தீப்பிழம்பு நேராக மோதும் இடத்திலும், சூட்டில் எஃகின் மேல் துருப்போலப் படரும் இரும்புச் செதில் உருகி வழியும் அடித்தளத்திலும் ஃபைபர் நிற்காது. அங்கே செங்கல்லோ வார்ப்புக் கலவையோதான். கூரை, கதவின் உட்புறம், மேல் சுவர் ஆகியவை ஃபைபருக்கு ஏற்றவை.

ஃபைபர் வேலை செய்பவர்களுக்காக ஒன்று சொல்லியாக வேண்டும், இதைப் பட்டறைகளில் யாரும் சொல்வதில்லை. செராமிக் ஃபைபர் தூசியை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக் கூடியவற்றின் பட்டியலில் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை வைத்திருக்கிறது. பல மாதங்கள் கடுஞ்சூட்டில் இருந்த பழைய ஃபைபரில் படிகச் சிலிக்காவும் உருவாகும், அதன் தூசி இன்னும் கேடு. பழையதைப் பிடுங்கும்போது நீர் தெளித்து, தூசியை வடிக்கும் தரமான முகக்கவசம் போட்டுத்தான் பிடுங்க வேண்டும். மூக்கில் துண்டைக் கட்டிக்கொள்வது பாதுகாப்பு ஆகாது. இரண்டாயிரம் ரூபாய் முகக்கவசத்துக்குக் கணக்குப் பார்த்த ஒரு பட்டறையில் வேலையை நிறுத்திவிட்டு வந்திருக்கிறேன். இன்றும் அப்படித்தான் செய்வேன்.

கதவு, ஃபைபர் இரண்டாலும் அந்தச் சில்லறை இழப்பு 21 லிட்டரிலிருந்து 12க்கு வந்தால் என்ன ஆகும்? எஃகுக்கு 21, இழப்புக்கு 12, மொத்தம் 33. காற்று சீரான உலையில் ரூபாய்க்கு 46 காசு தங்குவதால், டேங்கிலிருந்து எடுப்பது 72 லிட்டர். ரெக்யூப்பரேட்டர் போட்டு எட்டிய 74 நினைவிருக்கிறதா? ரெக்யூப்பரேட்டர் இல்லாமலே அங்கே வந்துவிட்டோம். இப்போது ரெக்யூப்பரேட்டரும் போட்டால் 58 லிட்டர். ஆக, அந்தக் கருவிக்கு இடம் உண்டு. அதன் இடம் மூன்றாவது.

மூன்றாவது படிக்கு வரும்போது சில எச்சரிக்கைகள். காற்று 300 டிகிரிக்குச் சூடானால் அதன் பருமன் ஏறத்தாழ இரு மடங்காகும். பழைய குழாய் விட்டமே இருந்தால் போதிய காற்று பர்னருக்குப் போய்ச் சேராது, உலை புகையும். பர்னர் சூடான காற்றைத் தாங்கும் வகைதானா என்று கேளுங்கள். ஃபர்னஸ் ஆயிலில் கந்தகமும் வனேடியமும் இருக்கின்றன. வனேடியம் ஆக்சைடு 690 டிகிரி அளவில் உருகி உலோகக் குழாயை அரிக்கும். கந்தகமோ புகை மிகவும் குளிரும் முனையில் அமிலமாகப் படிந்து அரிக்கும். எல்லாவற்றையும்விட அதிகமாக நான் பார்த்த சேதம் வேறு: பர்னரை அணைத்ததும் ப்ளோயரையும் அணைத்துவிடுவார்கள். உலை இன்னும் 1,100 டிகிரியில் இருக்கும், குழாய்களுக்குள் குளிர்விக்கக் காற்று ஓடாது, குழாய் சிவந்து வளைந்துவிடும். நான் தணிக்கைத் தொழிலுக்கு வந்த புதிதில் பரிந்துரைத்த ரெக்யூப்பரேட்டர் ஒன்று எட்டாவது மாதத்தில் இப்படித்தான் போனது. ப்ளோயரை எப்போது நிறுத்த வேண்டும் என்று உலை ஆளுக்கு நான் எழுதிக் கொடுத்திருக்கவில்லை. அந்தத் தவறு என்னுடையது. அதன் பிறகு நான் தரும் எந்த அறிக்கையிலும் உலையை அணைக்கும் முறைக்குத் தனிப் பக்கம் இருக்கும்.

புகையின் வெப்பத்தைத் திரும்பப் பிடிக்கும் எண்ணம் புதிதல்ல. ஃபிரெடெரிக் சீமென்ஸ் 1856ஆம் ஆண்டிலேயே செங்கல் அடுக்குகளில் புகையின் சூட்டைச் சேர்த்து, அதே அடுக்குகளின் வழியே காற்றை மாற்றி அனுப்பும் உலைக்குக் காப்புரிமை பெற்றார். கண்ணாடித் தொழிலும் எஃகுத் தொழிலும் அதனால் மாறின. 1862இல் மைக்கேல் ஃபாரடே லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் ஆற்றிய கடைசி வெள்ளி மாலை உரையின் பொருளே சீமென்ஸ் உலைதான். மின்சாரத்தின் அடிப்படைகளைக் கண்டவர் விடைபெறும் மேடையில் உலையைப் பற்றிப் பேசினார் என்பதை நினைக்கும்போதெல்லாம் இந்தத் தொழிலின் மேல் எனக்கு மதிப்பு கூடுகிறது.

இதுவரை சொன்னவற்றில் எரிதல் கணக்கும், திறப்பு இழப்பும், வரிசை முறையும் உறுதியானவை. இனி ஐயத்துக்கு உரியவை. எண்ணெய்க் குழாயில் மாட்டும் காந்தத்தால் மிச்சம் வரும் என்பதை நான் அளந்த எந்த உலையிலும் கண்டதில்லை. எரிபொருளில் கலக்கும் திரவங்கள் நாசிலிலும் ஹீட்டரிலும் படியும் கசடைக் குறைக்கலாம். அதற்கு மேல் சொல்லப்படும் சதவீதங்களை, காற்றை மாற்றாமல் முன்பும் பின்பும் அளந்து காட்டினால் மட்டும் நம்புங்கள். சுவரில் பூசும் கதிர்வீச்சுப் பூச்சுகள் சில உலைகளில் கொஞ்சம் பயன் தருகின்றன, சிலவற்றில் ஒன்றும் தெரிவதில்லை. பூச்சு அடித்த அதே வாரத்தில் பர்னரையும் சரிசெய்துவிட்டு மிச்சம் முழுவதையும் பூச்சின் கணக்கில் எழுதுவதைப் பார்த்திருக்கிறேன். இரும்புச் செதில் விஷயமும் அப்படித்தான். காற்றைக் குறைத்தால் செதில் குறையும் என்பது திசையளவில் சரி. ஆனால் புகையில் உள்ள கரியமில வாயுவும் நீராவியும்கூட எஃகை அரிக்கும் என்பதால், எவ்வளவு குறையும் என்று முன்கூட்டிச் சொல்ல மாட்டேன். எஃகு உலைக்குள் காத்திருக்கும் நேரத்தையும், தேவைக்கு மேல் வைக்கும் சூட்டையும் குறைப்பதுதான் செதிலுக்கு உறுதியான மருந்து. டன்னுக்கு 20 கிலோ செதிலாகப் போனால் உங்களுக்கு நாளுக்கு 50 கிலோ எஃகு குப்பைக்குப் போகிறது. எண்ணெய்க்குக் கணக்கு வைப்பவர்கள் இதற்கு வைப்பதில்லை.

ஒரே அளவு பில்லட்டுகளை, அதாவது எஃகுத் துண்டுகளை, நாள் முழுக்கக் காய்ச்சுவதாக இருந்தால், மின்சுருளுக்குள் வைத்து எஃகைச் சூடாக்கும் இண்டக்‌ஷன் ஹீட்டரையும் எண்ணிப் பாருங்கள். டன்னுக்கு 350 முதல் 420 யூனிட் மின்சாரம் எடுக்கும், செதில் மிகக் குறைவு, காலையில் காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் அளவு மாறினால் அந்தச் சுருளையும் மாற்ற வேண்டும். மின் இணைப்புச் சுமையையும் கட்டணத்தையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும். பலவகை அளவுகளில் சில்லறை ஆர்டர் எடுக்கும் பட்டறைக்குப் பெட்டி உலையே பொருந்தும்.

பணம் எதுவும் செலவழிப்பதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். முப்பது நாள், தினமும் மாலையில் இரண்டே எண்களைச் சுவரில் எழுதுங்கள்: அன்று காய்ச்சிய டன், அன்று எரிந்த லிட்டர். பிறகு கட்டத்தாளில் டன்னைக் கிடையாகவும் லிட்டரைச் செங்குத்தாகவும் வைத்துப் புள்ளியிட்டு, நடுவாக ஒரு கோடு இழுங்கள். அந்தக் கோடு பூஜ்ய டன்னில் எங்கே வந்து நிற்கிறதோ, அதுதான் எஃகே இல்லாவிட்டாலும் உங்கள் உலை ஒரு நாளுக்குக் குடிக்கும் எண்ணெய். அது 120, 130 லிட்டர் என்று வந்தால் உங்கள் நோய் சுவரிலும் கதவிலும், பில்லட்டுக்காகக் காத்திருக்கும் நேரத்திலும் இருக்கிறது. கோட்டின் சாய்வு செங்குத்தாக இருந்தால் நோய் காற்றில் இருக்கிறது. சுத்தியல் பழுதாகி உலை சும்மா எரிந்த நாட்களைத் தனி நிறத்தில் குறியுங்கள். பல பட்டறைகளில் அந்தப் புள்ளிகளைப் பார்த்துத்தான் உரிமையாளர்கள் வாயடைத்துப் போயிருக்கிறார்கள். இரண்டு நாளுக்கு இரண்டரை டன் என்று இழுப்பதற்குப் பதிலாக, வேலையைச் சேர்த்து வைத்து ஒரே நாளில் உலையை நிரப்பி ஓட்டுவது காசில்லாத சீர்திருத்தம்.

ஓவனுக்கு இந்தக் கணக்கு எதுவும் அப்படியே பொருந்தாது. 200 டிகிரியில் ஓடும் பவுடர் கோட்டிங் ஓவனில் ஒளியாகப் போகும் இழப்பு சொற்பம், புகையின் சூடும் குறைவு. அங்கே திருடன், வெளியேற்றும் விசிறி. மணிக்கு 1,000 கன மீட்டர் காற்றை 30 டிகிரியிலிருந்து 200க்குச் சூடாக்கி வெளியே தள்ள நான்கு கிலோவுக்கு மேல் எல்.பி.ஜி. ஆகும். விசிறியைப் போட்டவர் ஒரு மதிப்பில் பெரிதாகப் போட்டிருப்பார், அதன் பிறகு யாரும் அளந்திருக்க மாட்டார்கள். பவுடர் தயாரிப்பாளரும் ஓவன் தயாரித்தவரும் சொல்லும் குறைந்தபட்சக் காற்றுக்கு அதைக் கொண்டுவாருங்கள், அதற்குக் கீழே ஒருபோதும் போகாதீர்கள். கரைப்பான் கலந்த திரவப் பெயிண்ட்டை அதே ஓவனில் உலர்த்தும் பழக்கம் இருந்தால் விசிறியைத் தொடவே வேண்டாம், ஆவி சேர்ந்து வெடிக்கும். அடுத்தது, தொங்கவிடும் கொக்கிகள். மூன்று கிலோ பொருளுக்கு ஐந்து கிலோ கொக்கி மாட்டியிருந்தால் எரிவாயுவில் பெரும்பங்கு கொக்கிக்குத்தான் போகிறது. கடைசியாக, ஓவன் காற்றின் சூட்டைப் பார்த்து நேரம் வைக்காமல், பொருளின் மேலேயே சூடு அளக்கும் தெர்மோகப்பிள் ஒட்டி ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். 25 நிமிடம் வைக்கும் பொருளுக்கு 18 நிமிடமே போதும் என்று தெரியவரலாம். தடித்த பொருளுக்கு 25ம் போதாமல் இருந்தால் அதுவும் தெரிந்துவிடும், வாடிக்கையாளரிடமிருந்து பூச்சு உரிந்து திரும்பி வருவதற்கு முன்பே.

வெளி உதவி வேண்டுமானால், 1978இல் தொடங்கப்பட்ட பெட்ரோலியம் சேமிப்பு ஆய்வு அமைப்பான பி.சி.ஆர்.ஏ. எண்ணெய் எரிக்கும் உலைகளில் தணிக்கை செய்து பழகியது. 2001ஆம் ஆண்டின் எரிசக்திச் சேமிப்புச் சட்டத்தின் கீழ் அமைந்த எரிசக்தித் திறன் பணியகம் சான்றளித்த தணிக்கையாளர்கள் கோவையிலேயே இருக்கிறார்கள். யாரை அழைத்தாலும், கருவி விற்பவரோடு தொடர்பில்லாதவராகப் பார்த்து அழையுங்கள்.

விற்பனையாளரை இப்போதே திருப்பி அனுப்ப வேண்டாம். அவரிடம் மூன்று கேள்விகளை எழுத்தில் கேளுங்கள். உலை வாயில் ஆக்சிஜன் 4 சதவீதத்தில் இருக்கும்போது, நாளுக்கு இரண்டரை டன் வேலைக்கு, டன்னுக்கு எத்தனை லிட்டர் என்று உறுதி தருவீர்கள்? ஃபர்னஸ் ஆயில் புகையில் குழாய் எத்தனை மாதம் தாங்கும் என்று பொறுப்பேற்பீர்கள்? பர்னரும் குழாயும் ப்ளோயரும் மாற்ற வேண்டியிருந்தால் அந்தச் செலவு உங்கள் விலையில் இருக்கிறதா? பதில்களோடு உங்கள் முப்பது நாள் கட்டத்தாளையும், உலை வாயில் எடுத்த ஆக்சிஜன் அளவையும், சுவரின் வெளிப்பக்கச் சூட்டையும் எழுதுங்கள். நான் 7 என்று வைத்துக்கொண்ட இடத்தில் உங்கள் உண்மையான எண்ணைப் போட்டு, இதே கணக்கை மறுபடி போட்டுத் தருகிறேன்.